செட் மாத்திரைக்குள் இருக்கும் சின்ன மாத்திரை

முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம், மேலப்பாளையம். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்தில் பீடி சுற்றும் இந்த ஊர்களில் மாலை வேளையில் மருந்துக் கடைப் பக்கம் போனால், "அண்ணாச்சி, குறுக்கு வலிக்கு ஒரு செட் கொடுங்கள்" என்று யாராவது கேட்பது காதில் விழும். கையில் டாக்டர் சீட்டு இருக்காது. கடைக்காரர் நான்கைந்து அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரையை வெட்டி, சிறு காகித உறையில் போட்டு நீட்டுவார். பாரசிட்டமால் ஒன்று, டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று. அவற்றோடு சில உறைகளில் மிகச் சிறிய மாத்திரை ஒன்றும் கிடக்கும். அன்றிரவே வலி பஞ்சாய்ப் பறப்பது பெரும்பாலும் அந்தச் சின்ன மாத்திரையால்தான். அது டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டுகளில் ஒன்று.

இந்தக் கட்டுரை அந்தச் சின்ன மாத்திரையைப் பற்றியது. அதை விஷம் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. அப்படிச் சொல்வதாலேயே வேறொரு ஆபத்து வருகிறது. அதை விரிவாகச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், சரவாங்கி என்று நாம் சொல்லும் முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கார்டிசோன் முதன்முதலாக ஊசி வழியே செலுத்தப்பட்டது. சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். பார்த்தவர்கள் அதிசயம் என்றே நினைத்தார்கள். அந்த மருந்துக்குப் பின்னால் இருந்த பிலிப் ஹென்ச், எட்வர்டு கெண்டல், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ததேயுஸ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், தொடர்ந்து மருந்து எடுத்தவர்களுக்கு முகம் உருண்டது, மனம் கலங்கியது. நிறுத்தியதும் பழைய வலி முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பியது. இன்று ஆலங்குளத்தில் ஒருவருக்கு வருகிற பக்க விளைவுகள் மருத்துவ உலகத்துக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்தவைதான். மாத்திரை விழுங்குகிறவருக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

நம் இரண்டு சிறுநீரகங்களின் தலைமேலும் அட்ரினல் என்ற சிறு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அது கார்டிசால் என்ற சுரப்பை நாள்தோறும் தருகிறது. விடியற்காலையில் மிகுதியாக, இரவில் குறைவாக. இரத்த அழுத்தம் விழாமல் பிடித்துக்கொள்வதும், பட்டினி நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடாமல் காப்பதும், காய்ச்சல், காயம், அறுவை சிகிச்சை போன்ற நெருக்கடிகளில் உடலைத் தாங்கிப் பிடிப்பதும் அதன் வேலை. ஸ்டீராய்டு மாத்திரை இந்தக் கார்டிசாலின் வலுவான நகல். உடல் தானாகச் சுரப்பதற்கு ஏறத்தாழச் சமமான அளவு பிரட்னிசோலோனில் 5 மில்லிகிராம். டெக்சாமெத்தசோனில் வெறும் 0.75 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் டெக்சாமெத்தசோன் மாத்திரை பெரும்பாலும் 0.5 மில்லிகிராம். காலை ஒன்று, இரவு ஒன்று என்று போட்டால் நாளுக்கு ஒரு மில்லிகிராம். உடல் தனக்கென்று சுரக்கும் மொத்த அளவையும் அது தாண்டிவிடுகிறது. "அரை மில்லிகிராம்தானே, குழந்தைக்குக் கொடுக்கிற அளவு" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு வலுவான மருந்து என்பதால்தான் அது உயிரையும் காக்கிறது. கொரோனா காலத்தில் 2020 ஜூனில் வெளியான பிரிட்டன் ஆய்வு, நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் பத்து நாள் வரை கொடுத்ததில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் எந்தப் பயனும் இல்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. குறைமாதத்தில் வலி கண்ட தாய்க்கு நம் அரசு மருத்துவமனைகளில் போடும் டெக்சாமெத்தசோன் ஊசி, வயிற்றில் இருக்கும் குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்கிறது. சிறுநீரில் புரதம் ஒழுகி உடல் வீங்கும் குழந்தைகள், லூபஸ் நோயாளிகள், கடும் இளைப்பு (ஆஸ்துமா) வந்தவர்கள், காசநோய் மூளையுறையைத் தாக்கியவர்கள் ஆகியோருக்கு இதற்கு ஈடான மருந்து எளிதில் இல்லை. எப்போது தொடங்குவது, எவ்வளவு, எத்தனை நாள், எப்படி இறக்குவது என்ற நான்கையும் ஒரு மருத்துவர் கையில் வைத்திருக்கும்வரை இது பெரிய வரம். மருந்துக் கடை உறையில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

நம் பகுதியில் இந்தப் பழக்கம் வேர்விட்டதற்கு வலிதான் காரணம். சோம்பலோ அறியாமையோ என்று சொல்வது அநியாயம். பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சுளகை மடியில் வைத்து, கழுத்தைக் குனிந்து, காலை மடக்கி, விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை உட்கார்ந்தால்தான் அந்த ஆயிரம் முடியும். கழுத்து, தோள், விரல் மூட்டு, குறுக்கு எல்லாம் சேர்ந்து வலிக்கும். ஒரு நாள் சுற்றாவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றால் அன்றைய நாளும் போயிற்று. அம்பாசமுத்திரத்து நாற்று நடவிலும் களக்காட்டு வாழைத்தார் சுமப்பதிலும் இதே கதை. 2006இல் தமிழ்நாட்டைச் சிக்குன்குனியா வாட்டியபோது, காய்ச்சல் போன பின்னும் மாதக்கணக்கில் மூட்டு வலி விடவில்லை. அப்படிப்பட்ட வலியில் இருக்கிறவருக்கு ஒரே இரவில் கால் நீட்டித் தூங்க வைக்கும் மாத்திரை கிடைத்தால் அவர் அதைத் தேடித் திரும்ப வருவார்தான். அடுத்த வீட்டு மைனிக்கும் அதையே வாங்கிக் கொடுப்பார்.

முதல் சில வாரங்களில் தெரிவதெல்லாம் நன்மையாகவே தெரியும். வலி இல்லை, பசி நன்றாக எடுக்கிறது, முகத்தில் சதை பிடிக்கிறது. "நன்றாகத் தேறிவிட்டாய்" என்று ஊரார் சொல்வார்கள். ஆனால் அது தேறுதல் இல்லை. முகம் உருண்டு, பிடரியிலும் வயிற்றிலும் கொழுப்பு சேர, கையும் காலும் மெலிந்துகொண்டே போகும். தோல் மெலிந்து, லேசாக இடித்தாலே கன்றிப் போகும். வயிற்றிலும் தொடையிலும் ஊதா நிற வரிகள் விழும். இரவில் தூக்கம் வராது. சிலருக்கு எரிச்சல், அழுகை, அபூர்வமாக மனநிலையே பிறழ்வதும் உண்டு.

சர்க்கரை ஏறுவது சத்தமில்லாமல் நடக்கும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. காலையில் பிரட்னிசோலோன் எடுப்பவருக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் மாலையிலும்தான் சர்க்கரை உச்சத்துக்குப் போகும்; மறுநாள் காலை வெறும் வயிற்றில் பார்த்தால் சரியாகவே இருக்கலாம். "வெறும் வயிற்றில் நார்மல்" என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடம் சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொண்டே, செட் மாத்திரையையும் போட்டுக்கொண்டு, "மாத்திரை போட்டும் குறையவில்லையே" என்று கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்த இரண்டாவது உறையைப் பற்றியும் பணியாளரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் இதே நியாயம் பொருந்தும்.

எலும்பு விஷயத்தில் காலம் மிகக் குறைவு. தொடர்ந்து எடுப்பவருக்கு முதல் மூன்று முதல் ஆறு மாதங்களிலேயே எலும்பு முறியும் வாய்ப்பு உயரத் தொடங்குகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களின் எலும்பு ஏற்கெனவே மெலிந்துகொண்டிருக்கும். அவர்களுக்கு முதுகெலும்புக் கட்டை ஒன்று நசுங்கினால் அதுவும் குறுக்கு வலியாகவே தெரியும். குறுக்கு வலிக்கு மாத்திரை, மாத்திரையால் எலும்பு நசுங்கி மீண்டும் குறுக்கு வலி, அதற்கு மீண்டும் அதே மாத்திரை. இந்தச் சுழல்தான் என்னை மிகவும் வருத்துகிறது. இடுப்பு மூட்டின் பந்துக்கு இரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துப்போவதும் உண்டு. தொடை இடுக்கில் வலி தொடங்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும். தொடைத் தசை வலியே இல்லாமல் பலவீனம் அடைவது இன்னொரு அடையாளம். தரையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை, பஸ் படியில் ஏற முடியவில்லை என்றால் அதை வயதின் தலையில் போட்டுவிடாமல், என்ன மாத்திரை போடுகிறோம் என்று பார்க்க வேண்டும்.

கண்ணில் புரை சீக்கிரம் விழலாம். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறினால் வலியே இல்லாமல் ஓரப் பார்வை தேய்ந்துவிடும். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் சேரும்போது வயிற்றுப் புண்ணும் இரத்தக் கசிவும் வரும் வாய்ப்பு, தனித்தனியாக எடுப்பதைவிட மிக அதிகம். மலம் தார் போலக் கறுத்துப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது, இது நோயை மறைக்கும் குணம். காய்ச்சல் வெளியே தெரியாது. வயிற்றுக்குள் புண் பொத்துக்கொண்டாலும் வலி மட்டாகவே இருக்கும். உள்ளே அடங்கிக் கிடந்த காசநோய் தலைதூக்க ஸ்டீராய்டு இடம் கொடுக்கும். புகையிலைத் தூளில் நாள் முழுக்க உட்காருகிறவருக்கு இருமல் புதிதில்லை என்பதால் யாரும் சளிப் பரிசோதனைக்குப் போகச் சொல்வதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்து, இந்த மாத்திரையும் எடுப்பவர் கட்டாயம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வயலில் செருப்பில்லாமல் வேலை செய்பவர்களின் தோல் வழியே புகும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற நுண்புழு, சாதாரணமாகக் குடலில் அமைதியாக இருக்கும். ஸ்டீராய்டு எடுத்தவர் உடலில் அது பெருகி நுரையீரல் வரை பரவி உயிரையே எடுத்துவிடக்கூடும். அரிதுதான், ஆனாலும் நம் வயற்காட்டில் மறக்கக் கூடாதது.

இவ்வளவையும் படித்துவிட்டு, "இனி இந்த எழவே வேண்டாம்" என்று நாளைக் காலையில் மாத்திரையைத் தூக்கி எறிய ஒருவருக்குத் தோன்றலாம். பல மாதமாக எடுப்பவர் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஸ்டீராய்டைப் பற்றிய எச்சரிக்கைகள் பலவும் இந்த இடத்துக்கு வராமலேயே நின்றுவிடுகின்றன.

வெளியிலிருந்து கார்டிசாலின் நகல் தாராளமாக வரும்போது, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அட்ரினலுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். அட்ரினல் சுருங்கிப் போகும். பாபநாசம் அணைத் தண்ணீர் கால்வாயில் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் கிணற்று மோட்டாரை யாரும் ஓட்டமாட்டார்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்த மோட்டார், கால்வாயை அடைத்த அன்றைக்கே பொத்தானை அழுத்தியதும் ஓடாது. அட்ரினலும் அப்படித்தான். மறுபடி சுரக்கத் தொடங்குவதற்கு வாரங்கள் ஆகலாம், பல மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஓராண்டும் ஆகும். அந்த இடைவெளியில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உடலில் கார்டிசாலே இல்லை. சோர்வு, தலைசுற்றல், வாந்தி, வயிற்று வலி, எழுந்து நின்றால் கண் இருட்டுதல் என்று தொடங்கும். அதன் மேல் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து, சர்க்கரை இறங்கி, ஆள் மயங்கி விழுவார். அட்ரினல் நெருக்கடி என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். நேரத்துக்கு ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் சலைனும் ஏற்றினால் பிழைத்துக்கொள்ளலாம். அவர் ஸ்டீராய்டு எடுத்தவர் என்பது தெரியாவிட்டால் சாதாரண வாந்தி பேதி என்று நினைத்து நேரம் போய்விடும்.

செட் மாத்திரை எடுப்பவர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். தாம் ஸ்டீராய்டு எடுத்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. வழக்கமான கடை நான்கு நாள் பூட்டியிருந்தால், மகள் வீட்டுக்கு வெளியூர் போய்விட்டால், மாத்திரை தானாக நின்றுபோகும். உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆகும். வலி பல மடங்காகத் திரும்பும். "அந்த மாத்திரை இல்லாமல் என்னால் இருக்க முடியாது" என்று அவர் முடிவுகட்டிக்கொள்வார். உண்மையில் அவருடைய சொந்தச் சுரப்பி இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஆகவே நாள்பட எடுத்தவர் செய்ய வேண்டியது, மாத்திரை உறையோடு மருத்துவரிடம் போவது. தாலுகா மருத்துவமனை ஆகலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் 1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை ஆகலாம். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே இருக்கும் மருத்துவமனை ஆகலாம். "திட்டுவார்களே" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. திட்டினாலும் பொறுத்துக்கொண்டு எத்தனை மாதமாக எடுக்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் அளவைக் கணக்கிட்டு, வேண்டுமானால் காலை எட்டு மணிக்கு இரத்தத்தில் கார்டிசால் அளவு பார்த்து, வாரக்கணக்கில் படிப்படியாக இறக்குவார்கள். இளைப்புக்காக மருத்துவர் ஐந்து நாளோ ஒரு வாரமோ எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டுக்கு இந்தப் பயம் வேண்டாம். மூன்று வாரத்துக்கு உட்பட்ட ஒரே தவணைச் சிகிச்சையைப் பெரும்பாலும் நேராகவே நிறுத்தலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்து நீண்ட நாள் எடுப்பவர்கள், மாத்திரையைக் காலை உணவுக்குப் பின் எடுப்பது நல்லது. கடும் காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காமல் 108ஐ அழைத்துவிட வேண்டும். பல் பிடுங்குவதாக இருந்தாலும், எந்த அறுவை சிகிச்சையாக இருந்தாலும், முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

உறைக்குள் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மருந்து அட்டையில் பெயரும் எச்சரிக்கையும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. இந்த ஸ்டீராய்டு மாத்திரைகள் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஹெச் பட்டியலைச் சேர்ந்தவை. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். சிவப்புக் கோடும் இருக்கிறது. மாத்திரையை ஒற்றையாக வெட்டிக் கொடுக்கும்போது பெயர், கோடு, எச்சரிக்கை, காலாவதித் தேதி எல்லாம் கடையிலேயே தங்கிவிடுகின்றன. வெட்டாத அட்டையாகக் கேளுங்கள், பில் கேளுங்கள். பெயர் 'சோன்' என்றோ 'சோலோன்' என்றோ முடிந்தால், டெஃப்ளசாகார்ட் என்று இருந்தால், அது ஸ்டீராய்டாக இருக்கும் வாய்ப்பு அதிகம். பள்ளிக்கூடம் போகும் பேத்தி ஒரு நிமிடத்தில் படித்துச் சொல்லிவிடுவாள். சீட்டைப் பார்க்காமல் இதைக் கொடுக்க மறுக்கும் அண்ணாச்சிகளும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் கடையை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகாதீர்கள்.

மூட்டு வலிக்கென்று பெயரும் ஊரும் இல்லாமல் டப்பாவில் விற்கும் பொடிகளும் உருண்டைகளும் ஒரே இரவில் வலியை நிறுத்தினால் சந்தேகப்பட வேண்டும். முறையாகப் படித்த சித்த மருத்துவர்களைச் சொல்லவில்லை. 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி பாளையங்கோட்டையில் இருக்கும்போது, மூலப்பொருள் பெயர் எழுதாத பொடியை நம்ப வேண்டிய தேவை நமக்கு இல்லை.

களிம்பும் இதே குடும்பம்தான். படர்தாமரைக்குப் பீட்டாமெத்தசோன் கலந்த களிம்பைப் பூசினால் அரிப்பு உடனே அடங்கும், பூஞ்சை அடியில் பரவிக்கொண்டே இருக்கும். முகம் வெளுக்கப் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பரு வெடித்து, வெயிலில் எரியும். 2018இல் இத்தகைய களிம்புகளையும் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது.

இளைப்புக்கு உறிஞ்சும் இன்ஹேலரைப் பற்றி நேர்மாறாகச் சொல்ல வேண்டும். "குழந்தைக்கு ஸ்டீராய்டா" என்று பயந்து இன்ஹேலரை நிறுத்துகிற பெற்றோர், கடைசியில் அவசர சிகிச்சைக்கு வந்து அதைவிடப் பல மடங்கு ஸ்டீராய்டை ஊசியாகவும் மாத்திரையாகவும் வாங்குகிறார்கள். இன்ஹேலரின் அளவு மைக்ரோகிராமில் இருக்கிறது. ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். பூசணத்தொற்று வராமலிருக்க, உறிஞ்சிய பிறகு வாயைக் கொப்பளித்தால் போதும்.

வலிக்கு என்ன வழி என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் மாத்திரையை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. முதலில் அது என்ன வலி என்று தெரிய வேண்டும். விடியற்காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்காமல் விறைத்திருந்தால் அது சரவாங்கியாக இருக்கலாம். அதற்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் எடுத்தால் ஸ்டீராய்டின் தேவையே பெரிதும் குறைந்துவிடும். உட்கார்ந்த வேலையால் வந்த வலி என்றால் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவதும், சுளகைப் பலகை மேல் உயர்த்தி வைப்பதும், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நான்கு எட்டு நடப்பதும், இயன்முறை மருத்துவர் சொல்லித் தரும் பயிற்சிகளும் மெதுவாகத்தான் பலன் தரும். ஒரே இரவில் தராது. ஆயிரத்துக்குக் கூலி என்றிருக்கும்வரை அந்த அரை மணி ஓய்வும் காசுதான் என்பதை நான் மறுக்கவில்லை. அதைக் கூலி நிர்ணயிப்பவர்களும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மருந்தால் தீங்கு வந்ததாகத் தோன்றினால் அதைப் பதிவு செய்யவும் வழி இருக்கிறது. 2010இல் தொடங்கிய தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் உண்டு. மருத்துவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை, மருந்து சாப்பிட்டவரே அழைக்கலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் கிடைக்கிறது. மருந்தின் பெயர், எப்போது தொடங்கினீர்கள், என்ன ஆயிற்று என்று அதில் கேட்பார்கள். முதல் கேள்விக்குப் பதில் எழுதவாவது அந்த அட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.